மா மேலே போய்விட்டது, மல்லிகை இலையாக நிற்கிறது: எப்போது கவாத்து செய்வது?

கொல்லைப்புறம் எழுதியது:

வணக்கம். வீட்டுக்குப் பின்னால் கையகல இடம். அதில் ஒரு ஒட்டு மா, ஒரு கொய்யா, ஒரு எலுமிச்சை. சுவரை ஒட்டி மல்லிகை, செம்பருத்தி, ஒரு காகிதப்பூ. மா இரண்டு தண்டாகப் பிரிந்து நெட்டுக்குத்தாக மேலே போய்விட்டது. ஆள் உயரம் வரை ஒரு கிளைகூட இல்லை, இலையெல்லாம் உச்சியில்தான். பூத்தாலும் கைக்கு எட்டாத இடத்தில் பூக்கிறது. கொய்யா காய்க்கிறது, ஆனால் நல்ல பழமெல்லாம் அணிலுக்கும் வௌவாலுக்கும்தான். மல்லிகை கொடி வீசி ஓடுகிறதே தவிர பூவைக் காணோம்.

கவாத்து செய்ய வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எப்போது என்று கேட்டால்தான் ஆளுக்கொரு பதில். மழைக்கு முன்னால் எல்லாவற்றையும் ஒரே நாளில் வெட்டிவிடு என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். குளிர்காலத்தில்தான் கத்தியே எடுக்க வேண்டும் என்கிறது ஒரு காணொளி. சரியான மாதம் எது? வெட்டின இடத்தில் எதைப் பூசுவது?

கவாத்துக்கத்தி எழுதியது:

மாதத்தை ஒதுக்கி வையுங்கள். ஒவ்வொரு செடியிடமும் கேட்க வேண்டியது ஒன்றுதான்: பூ எந்தக் கிளையில் வருகிறது? போன பருவத்தில் முற்றிய கிளையிலா, இனிமேல் வரப்போகும் துளிரிலா? இது தெரிந்துவிட்டால் எப்போது வெட்டுவது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை.

மா முதல் வகை. துளிர் முற்றி, இலை கரும்பச்சையாகி, சில மாதம் சும்மா இருந்த பிறகுதான் அந்த நுனியில் பூங்கொத்து வரும். 15 டிகிரி செல்சியஸை ஒட்டிய குளிர் இரவுகளோ நீண்ட வறட்சியோ அதைக் கிளப்பிவிடும். பூக்கும் பருவத்துக்குக் கொஞ்சம் முன்னால் போய் நுனிகளை வெட்டினால் அந்த வருடத்துப் பூவையே வெட்டிப் போட்டதாகிவிடும். புதுத் துளிர் வரத்தான் செய்யும், ஆனால் அது முற்றுவதற்குள் பருவம் தாண்டிவிடும். அதனால் மாவுக்குக் காய் பறித்த கையோடு கவாத்து. தள்ளிப்போட்டால் ஒவ்வொரு வாரமும் அடுத்த காய்ப்பிலிருந்துதான் கழிகிறது.

கொய்யா நேர் எதிர். பூ புதுத் துளிரின் இலைக்கக்கத்தில்தான், அதாவது இலைக்காம்பு தண்டோடு சேரும் இடுக்கில்தான் வரும். வெட்டினால் துளிர், துளிரோடு பூ. பூவிலிருந்து பழத்துக்கு ஏறத்தாழ 4 முதல் 5 மாதம் ஆகும் என்று வைத்துக்கொண்டு, பழம் எப்போது வேண்டுமோ அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடலாம். மரத்தை மனசுக்குள் மூன்றாகப் பிரித்து, சில வார இடைவெளியில் ஒவ்வொரு பகுதியாக வெட்டினால் பழம் ஒரே நேரத்தில் வந்து குவியாது. மல்லிகை, செம்பருத்தி, ரோஜா, காகிதப்பூ எல்லாம் கொய்யாவின் கட்சி.

குளிர்காலக் கவாத்து என்பது இலை உதிர்த்துத் தூங்கும் ஆப்பிள், பேரிக்காய் மாதிரி மரங்களுக்கு உள்ளது. அவை மொட்டைக் கோடையிலேயே கட்டி வைத்துவிட்டுத் தூங்கப் போகின்றன. இலை இல்லாததால் எந்தக் கிளை எங்கே போகிறது என்பதும் தெளிவாகத் தெரியும். வருடம் முழுக்க இலையோடு நிற்கும் மாவுக்கும் கொய்யாவுக்கும் அந்தக் கணக்கு பொருந்தாது.

நிழல்மரம் எழுதியது:

எனக்கு இந்தக் கவாத்து ஆர்வமே புரிவதில்லை. காட்டில் எந்த மரத்துக்கு யார் கத்தரி போட்டார்கள்? எங்கள் பெரிய மாவைப் பரம்பரையாக யாரும் தொட்டதில்லை, காய்த்துக்கொண்டுதான் இருக்கிறது. இப்போது செடி நட்டவுடனே கத்தியைத் தூக்குகிறார்கள். அதுபாட்டுக்கு வளரட்டும் என்று விட்டால் என்ன?

கவாத்துக்கத்தி எழுதியது:

ஐயா, உங்கள் மரத்துக்கு இடம் இருக்கிறது. காய் உதிர்ந்தாலும் பொறுக்கிக்கொள்ளலாம், கிளை ஒடிந்தாலும் யார் கூரையிலும் விழாது. அதை நானும் தொட மாட்டேன். இவருக்கு இருப்பது கையகல இடம். காட்டு மரம் விதையைப் பரப்பினால் போதும், பழத்தை நம் கை உயரத்தில் தர வேண்டும் என்ற கட்டாயம் அதற்கில்லை.

வெளிச்சத்தையும் பார்க்க வேண்டும். அடர்ந்த மரத்தின் அடியில் போய் அண்ணாந்து பாருங்கள். வெளி ஓரத்தில் ஒரு அடுக்குதான் பச்சை, உள்ளே எல்லாம் காய்ந்த குச்சி. காய்ப்பதும் அந்த ஓர அடுக்குதான். நடுவில் ஒன்றிரண்டு கிளையை எடுத்து வெயிலை உள்ளே விட்டால் உள் கிளைகளும் காய்ப்புக்கு வரும், காற்றும் ஓடும். மழைக்காலத்தில் இலைப்புள்ளி குறைவதை நீங்களே பார்ப்பீர்கள்.

ஆனால் ஒன்றில் உங்கள் பக்கம்தான். சப்போட்டாவை நன்றாக இருக்கும்போது தொட வேண்டியதில்லை, பட்ட குச்சியை மட்டும் எடுத்தால் போதும். எலுமிச்சையும் கிட்டத்தட்ட அப்படித்தான். பலா அடிமரத்திலும் பெருங்கிளையிலும் காய்ப்பது, அதன் நுனிகளைக் கத்தரிப்பதால் காய் கூடாது.

இலைநரம்பு எழுதியது:

வெட்டினால் ஏன் துளிர்க்கிறது என்பது புரிந்தால் எங்கே வெட்டுவது என்பதும் புரியும். நுனிமொட்டில் ஆக்சின் என்ற ஹார்மோன் உருவாகிக் கீழ்நோக்கி இறங்குகிறது. அது இருக்கும்வரை கீழே உள்ள பக்கமொட்டுகள் அடங்கிக் கிடக்கும். 1930களில் திமான், ஸ்கூக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அவரைச் செடியின் நுனியை வெட்டி, அந்த இடத்தில் ஆக்சினை வைத்துப் பார்த்தார்கள். நுனி போன பிறகும் பக்கமொட்டு எழவில்லை. நுனியை எடுத்தால் தடை போகிறது, பக்கமொட்டு முளைக்கிறது. உங்கள் மா ஆள் உயரத்துக்குக் கிளையே இல்லாமல் போனதற்குக் காரணம் இதுதான். சின்ன வயதில் அதன் நுனியை யாரும் கிள்ளவில்லை.

இதனால் வெட்டு இரண்டு வகை. கிளையைப் பாதியில் வெட்டினால் அதற்குக் கீழே பல துளிர் எழும், மரம் அடர்த்தியாகும். கிளையை அது பிறந்த இடத்திலேயே முழுசாக எடுத்தால் அங்கே துளிர் அவ்வளவாக வராது, இடம் திறக்கும். அடர்த்தி குறைய வேண்டும் என்று சொல்லிக்கொண்டே எல்லா நுனியையும் சமமாக முடி வெட்டுவது போல வெட்டுபவர்கள், அடுத்த வருடம் இரண்டு மடங்கு அடர்த்தியைப் பார்ப்பது இதனால்தான்.

மாவில் ஒரு நுணுக்கம் உண்டு. ஒரு கிளையைக் கையில் பிடித்துப் பாருங்கள். ஒவ்வொரு துளிர்ப்பும் நின்ற இடத்தில் கணுக்கள் நெருக்கமாக வளையம் கட்டியிருக்கும், அடுத்த வளையம் வரை தண்டு வழவழப்பாக இருக்கும். வளையத்துக்கு மேலே வெட்டினால் ஒரே இடத்திலிருந்து ஐந்தாறு துளிர் கொத்தாகக் கிளம்பும். கொத்தாகப் பிறந்த கிளைகள் பின்னால் காய் பாரத்தில் கிழியும். வளையத்துக்குக் கீழே, வழவழப்பான பகுதியில் வெட்டினால் துளிர் குறைவாக, இடைவெளி விட்டு வரும். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். கொத்தாக வந்துவிட்டாலும் குடி முழுகவில்லை, இளசாக இருக்கும்போதே இரண்டு மூன்றை விட்டுவிட்டு மற்றதைக் கையால் ஒடித்துவிடலாம்.

கொய்யாவுக்குக் கத்தி இல்லாமலே ஒரு வழி இருக்கிறது. நெட்டுக்குத்தாக நிற்கும் நீண்ட கிளையை மெதுவாக வளைத்துக் கயிற்றால் கட்டி, கிட்டத்தட்டப் படுக்கை வாட்டில் நிறுத்துங்கள். நுனி தாழ்ந்தால் அதன் அதிகாரம் போய்விடும். கிளை நெடுகக் கணுவுக்குக் கணு துளிர் எழும், பூவும் அதிலேயே. கயிறு பட்டையில் பதியாமல் அவ்வப்போது தளர்த்திக் கட்ட மறக்காதீர்கள்.

கொல்லைப்புறம் எழுதியது:

அந்த வளையத்தை இத்தனை நாளும் பார்த்தும் கவனிக்கவில்லை. கொய்யாவை நாளைக்கே வளைத்துவிடுகிறேன். மாதான் பயமாக இருக்கிறது. இரண்டு தண்டும் என் தொடைக் கனம். மொட்டையடித்தால் பட்டுப்போகாதா? போன தடவை முருங்கையை வெட்ட ஒரு ஆளைக் கூப்பிட்டேன். அரிவாளால் அடித்த அடியில் பட்டை கீழே வரை உரிந்து, முழ நீளத்துக்கு முளைக்குச்சிகளை விட்டுவிட்டுப் போய்விட்டார். அதே ஆளை இதற்குக் கூப்பிட மனசு வரவில்லை.

கவாத்துக்கத்தி எழுதியது:

தொடைக் கனம் என்றால் அரிவாள் வேலையே இல்லை. ரம்பம்தான். இரண்டு தண்டையும் ஒரே வருடத்தில் எடுக்காதீர்கள். ஒரு கவாத்தில் மொத்த இலையில் கால் பங்குக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது நல்லது. இந்த அறுவடைக்குப் பிறகு ஒரு தண்டைத் தோள் உயரத்தில் தாழ்த்துங்கள், அதுவே கால் பங்கைத் தாண்டும் போலிருந்தால் மற்றதில் ஒரு இலைகூட எடுக்காதீர்கள். நிற்கும் தண்டு மரத்துக்குச் சோறு போடும். வெட்டியதில் புதுக்கிளை வந்து நிலைத்த பிறகு அடுத்த அறுவடை முடிந்து மற்றது.

கனமான கிளையை மேலிருந்து ஒரே மூச்சில் அறுத்தால் பாதி அறுக்கும்போதே பாரத்தில் சாய்ந்து, பட்டையைக் கீழே வரை உரித்துக்கொண்டு விழும். உங்கள் முருங்கைக்கு நடந்தது அதுதான். மூன்று வெட்டாக வெட்டுங்கள். கடைசியாக வெட்ட வேண்டிய இடத்திலிருந்து ஒரு அடி தள்ளி, முதலில் கிளையின் அடிப்பக்கத்திலிருந்து மேல்நோக்கி மூன்றில் ஒரு பங்கு. பிறகு அதற்குச் சற்று வெளியே மேலிருந்து. பாரம் கிழிக்காமல் விழுந்துவிடும். மிச்சமிருக்கும் குட்டையைக் கடைசி வெட்டில் நிதானமாக எடுக்கலாம்.

பக்கக்கிளையை முழுசாக எடுக்கும்போது அது தண்டோடு சேரும் இடத்தைத் தடவிப் பாருங்கள். கழுத்து மாதிரி கொஞ்சம் பருத்த, சுருக்கம் விழுந்த வளையம் தெரியும். அந்தக் கழுத்தை விட்டுவிட்டு அதற்கு வெளியே வெட்ட வேண்டும். தண்டோடு ஒட்டச் சீவினால் கழுத்தும் போய்விடும், முளைக்குச்சியாக விட்டால் அது காய்ந்து அழுகி உள்ளே இறங்கும்.

மாம்பால் கண்ணில் பட்டால் பொல்லாதது, தோலையும் புண்ணாக்கும். முழுக்கைச் சட்டை, கண்ணாடி கட்டாயம். இன்னொன்று, இத்தனை நாள் நிழலில் இருந்த தண்டுக்குத் திடீரென்று வெயில் பட்டால் பட்டை வெந்து வெடிக்கும். மேற்கு வெயில் படும் பக்கத்துக்கு நீர்த்த சுண்ணாம்பு அடித்துவிடுங்கள். அழகுக்காக இல்லை, வெள்ளை வெயிலைத் திருப்பிவிடும்.

மாடித்தோட்டம் எழுதியது:

வெட்டிய இடத்தில் தார், பெயின்ட் எதையாவது பூசினால்தான் பூச்சி ஏறாது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். முதலில் கேட்ட கேள்விகளில் அதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லையே?

இலைநரம்பு எழுதியது:

தாரும் பெயின்டும் வேண்டாம். அமெரிக்க வனத்துறையில் வேலை பார்த்த அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் அறுத்துப் பார்த்து, மரம் காயத்தை எப்படிச் சமாளிக்கிறது என்பதை 1977இல் விளக்கமாக எழுதினார். மரத்துக்கு நம்மைப் போலப் பழைய திசுவைப் புதுப்பிக்கும் வசதி கிடையாது. காயம்பட்ட பகுதியைச் சுற்றி உள்ளுக்குள் சுவர் எழுப்பி அதைத் தனியாக ஒதுக்கிவிட்டு, மேலே புது மரத்தை வளர்த்து மூடுகிறது. அந்தச் சுவரில் முக்கியமானது கிளைக்கழுத்தில்தான் எழுகிறது. மேலே பூசும் பெயின்ட் அழுகலை நிறுத்துவதில்லை, ஈரத்தை உள்ளே பிடித்து வைத்துப் பூஞ்சைக்கு வசதி செய்கிறது. கழுத்தை விட்டுச் சுத்தமாக வெட்டினால் அதுவே மருந்து.

கவாத்துக்கத்தி எழுதியது:

தார், பெயின்ட் பற்றி எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ பசை என்று ஒன்று உண்டு, அதையும் அதே கூடையில் போட்டால்தான் ஏற்க மாட்டேன். ஷைகோ அறுத்துப் பார்த்தது பெரும்பாலும் குளிர் நாட்டு மரங்கள். போர்டோ பசை வெறும் மூடி இல்லை, செம்பு இருக்கிறது, பூஞ்சைக்கொல்லி. 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ சுண்ணாம்பு, 10 லிட்டர் தண்ணீர் என்பது வழக்கமான அளவு. வீட்டுக்கு 100 கிராம், 100 கிராம், 1 லிட்டர் போதும். இரண்டையும் தனித்தனியாகக் கரைத்து, உலோகப் பாத்திரம் இல்லாமல் பிளாஸ்டிக்கிலோ மண்பாண்டத்திலோ கலக்க வேண்டும். பிசின் வடியும் எலுமிச்சை, ஈரமான பருவத்தில் வெட்ட நேர்ந்த மா, இவற்றின் பெரிய வெட்டுகளுக்குப் பூசுவேன். விரல் கனத்துக்கும் குறைவான வெட்டுக்கு எதுவும் வேண்டாம்.

இலைநரம்பு எழுதியது:

உலர்ந்த பருவத்தில் வெட்டினால் அதற்கும் தேவை இருக்காது என்பதே என் நிலை. ஈர பருவத்தில் வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் சண்டை போட மாட்டேன். அதைவிட முக்கியம் கத்தரியின் சுத்தம். ஒரு மரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது 70 சதவீத ஆல்கஹாலில் துணியை நனைத்து அலகைத் துடைத்துவிடுங்கள். பிளீச்சிங் கரைசலும் நோயைக் கொல்லும், ஆனால் அலகை அரித்துவிடும்.

மாடித்தோட்டம் எழுதியது:

நன்றி. என் தொட்டியில் ஒரு சீத்தா. சென்ற மாதம் நுனிகளைக் கத்தரித்தேன். இத்தனை நாளாகியும் ஒரு துளிர் இல்லை. இலை மட்டும் திடமாக நிற்கிறது. சீத்தாவுக்கு வேறு கணக்கா?

கவாத்துக்கத்தி எழுதியது:

வேறு கணக்கேதான் அக்கா. சீத்தாவின் பக்கமொட்டு இலைக்காம்புக்கு அடியில் ஒளிந்திருக்கும். காம்பின் அடி குழிந்து மொட்டை மூடிக்கொண்டிருக்கும். இலை விழும் வரை மொட்டுக்கு வெளியே வர வழியில்லை. வெட்டிய கிளையில் கடைசி நாலைந்து இலையைக் காம்போடு பின்பக்கமாக மடக்கி உருவிவிடுங்கள். அந்தத் தழும்பின் நடுவில் சின்ன மயிர்ப்பொட்டு தெரியும், அதுதான் மொட்டு. தண்ணீர் குறையாமல் பார்த்துக்கொண்டால் அங்கிருந்தே துளிர் வரும், பூவும் பெரும்பாலும் அந்தத் துளிரின் அடியிலேயே தொங்கும்.

பூ வந்ததும் ஒன்று கவனியுங்கள். சீத்தாப்பூ முதலில் பெண்ணாக இருந்து பிறகுதான் ஆணாகிறது. அதனால் ஒரே பூ தனக்குத்தானே சேருவது அரிது. ஒரு பூ மகரந்தம் உதிர்க்கும்போது மென்தூரிகையால் எடுத்து, அப்போதுதான் பாதி விரியும் இன்னொரு பூவுக்குள் தடவிவிட்டால் காய் பிடிப்பது வெகுவாகக் கூடும்.

வேலியோரம் எழுதியது:

பூச்செடிக்காரர்கள் சார்பில் நானும் ஒரு வார்த்தை. மல்லிகைக்குப் பூ வரத்து ஓய்ந்து, செடி மந்தமாகும் பருவத்தில் தண்ணீரை நிறுத்திக் காயப்போட்டு, தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்துக்கு எல்லாத் தண்டையும் தாழ்த்தி வெட்டிவிட வேண்டும். பார்க்கப் பாவமாகத்தான் இருக்கும். அதற்குப் பிறகு உரமும் தண்ணீரும் கொடுத்தால் வரும் ஒவ்வொரு பக்கத்துளிரின் நுனியிலும் மொட்டு. கொடி வீசும் நீளத் தண்டுகளை விட்டுவைத்தால் அவை ஓடிக்கொண்டேதான் இருக்கும், பூவுக்கு வராது. வெயிலும் முக்கியம், சுவர் நிழலில் நிற்கும் மல்லிகைக்கு எந்தக் கத்தியும் உதவாது. கொல்லைப்புறம் அவர்களே, உங்களுடையது சுவரை ஒட்டி என்றீர்கள், எத்தனை மணி நேரம் வெயில் படுகிறது?

காகிதப்பூவில் முள்ளும் பூங்கொத்தும் ஒரே இலைக்கக்கத்தில் ஒரே இடத்திலிருந்து கிளம்புபவை. அது முள்ளாகப் போகுமா பூவாகப் போகுமா என்பது நாம் கொடுக்கும் சாப்பாட்டையும் பொறுத்தது. தண்ணீரும் தழைச்சத்தும் தாராளமாகப் போனால் நீளமான போத்துகளும் முள்ளும்தான். ஒரு சுற்று பூ முடிந்ததும் போத்துகளைப் பாதிக்குக் குறைத்து, மண் மேலாகக் காய்ந்து இலை லேசாகச் சோரும்வரை தண்ணீரைப் பிடித்து வையுங்கள்.

செம்பருத்தியில் ஒரேயடியாக எல்லாவற்றையும் வெட்டினால் அடுத்த துளிர் முற்றும் வரை பூவே இருக்காது. மூன்றில் ஒரு பங்கு கிளையை இப்போது, மற்றதைப் பிறகு என்று மாற்றி மாற்றி வெட்டினால் எப்போதும் நாலு பூ இருக்கும். மாவுப்பூச்சி அடைந்த நுனிகளை வெட்டி அங்கேயே போடாமல் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். இட்லிப்பூவை வேலி மாதிரி அடிக்கடி மட்டமாகக் கத்தரிப்பவர்கள் பூ இல்லை என்று புலம்ப உரிமையில்லை, அது நுனியில் பூப்பது. யாராவது அரளி வெட்டுவதாக இருந்தால் கையுறை போடுங்கள், வெட்டிய குச்சியை எரிக்காதீர்கள், புகையும் நஞ்சு.

நிழல்மரம் எழுதியது:

இத்தனையும் படித்த பிறகு என் மாவின் அடியில் போய் அண்ணாந்து பார்த்தேன். உள்ளே காய்ந்த குச்சிதான். சரி, பட்டதை மட்டும் எடுக்கச் சொல்கிறேன். அதற்கு மேல் சம்மதமில்லை.

கொல்லைப்புறம் எழுதியது:

வேலியோரம் அவர்களே, காலையில் இரண்டு மணி நேரம்தான் வெயில். அதுதான் விஷயம் என்று இப்போது தெரிகிறது.

அப்புறம் இரண்டு சந்தேகம். எலுமிச்சையின் அடியிலிருந்து விரல் கனத்தில் முள்ளோடு ஒரு கிளை வேகமாக வளர்கிறது. அதன் இலை மூன்று மூன்றாக இருக்கிறது, மேலே இருக்கும் இலையோ ஒற்றை. விடலாமா? மாவின் நுனிகளில் மொட்டு பருத்து, பக்கவாட்டில் லேசாகப் பிளந்திருக்கிறது. இப்போதே தண்டைத் தாழ்த்தலாமா?

மாடித்தோட்டம் எழுதியது:

எலுமிச்சை எனக்கும் நடந்தது. அது ஒட்டுக்குக் கீழே வேர்ச்செடியிலிருந்து, அதாவது நல்ல செடியை ஒட்டுக் கட்டிய அடிச்செடியிலிருந்து வரும் போத்து. மூவிலை ஆரஞ்சு வேர்ச்செடி என்றால் இலை அப்படித்தான் இருக்கும். விட்டால் மேலே இருக்கும் நல்ல செடியை அமுக்கிவிட்டு அதுவே மரமாகிவிடும். மண்ணைக் கொஞ்சம் விலக்கி, பிறந்த இடத்தோடு எடுத்துவிடுங்கள். மேலோடு வெட்டினால் திரும்ப இரண்டாக வரும்.

கவாத்துக்கத்தி எழுதியது:

மா பூக்கப் போகிறது தம்பி. துளிர்மொட்டு ஒல்லியாகக் கூராக இருக்கும், பூமொட்டு இப்படிப் பருத்துத்தான் பிளக்கும். ரம்பத்தை எண்ணெய் போட்டு எடுத்து வையுங்கள். இந்தக் காயைப் பறித்து முடித்த வாரம், எந்தத் தண்டு முதலில் என்று முடிவு செய்ய இங்கே ஒரு படம் போடுங்கள். அதுவரை மாவுக்குத் தழைச்சத்து எதுவும் வேண்டாம். மல்லிகையை வெயில் பக்கம் மாற்ற வழி இருக்கிறதா என்று பாருங்கள், இடம் மாற்றும்போதே தாழ்த்தியும் வெட்டிவிடலாம்.